கஜுவைப் பொறுக்கிவிட்டால் போதாது: ஒவ்வாமையுள்ள பிள்ளையும் எங்கள் பாடசாலைகளும்

“ரீச்சர் பாவம். அவ கஜு முழுக்கப் பொறுக்கிப் போட்டுத்தான் பிள்ளைக்குக் குடுத்தவ. எனக்கு அவவில கோபம் இல்லைத் தங்கச்சி.”

வன்னியில் ஒரு கிராமத்தில், வீட்டுத் திண்ணையில் இருந்தபடி அந்த அம்மா இதை என்னிடம் மூன்று தடவை சொன்னார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் பாடசாலையையும் தவிர்த்து எழுதுகிறேன். ஊர் சிறியது. பிள்ளை இன்னும் அதே பாடசாலையில்தான் படிக்கிறான்.

நடந்தது இதுதான். மகன் அப்போது தரம் 2. கஜு ஆகாது என்பதை அம்மா வகுப்பாசிரியரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். வாணி விழா அன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். இவனுடைய தட்டில் இருந்த கஜுவை ஆசிரியர் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் கொடுத்தார். பத்து நிமிடத்துக்குள் உதடு வீங்கியது. உடம்பெல்லாம் தடித்தது. சத்தி எடுத்தான். பிறகு இருமத் தொடங்கினான். அலுமாரியில் இருந்த பிரிட்டன் குளிசையை அரைவாசியாக உடைத்துக் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அவர் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது பிள்ளையின் குரல் அடைத்துவிட்டது. பக்கத்து வீட்டாரின் மோட்டார் சைக்கிளில் இருவருக்கும் நடுவில் வைத்து வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினார்கள். அங்கே வைத்தியர் தொடையில் ஓர் ஊசி போட்டார். பிள்ளை தப்பினான்.

அடுத்த கிழமை அம்மாவைப் பாடசாலைக்குக் கூப்பிட்டார்கள். “இனி விசேச நாட்களில பிள்ளையை அனுப்பாதேங்கோ” என்றார்கள். அன்றிலிருந்து வாணி விழா, சிறுவர் தினம், பொங்கல் விழா, விளையாட்டுப் போட்டி எல்லா நாளும் அவனுக்கு வீட்டில் விடுமுறை.

அந்த ஆசிரியரையோ அந்தப் பாடசாலையையோ குற்றம் சொல்வதற்கு இதை எழுதவில்லை. அவர்களுக்கு ஒருவரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் அன்பு மட்டும் போதவில்லை. பிறகு பயம் வந்தது. பயம் பிள்ளையை வெளியில் வைத்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது.

கிரந்தி வேறு, ஒவ்வாமை வேறு

எங்கள் வீடுகளில் “கிரந்திச் சாமான்” என்றொரு பட்டியல் உண்டு. கத்தரிக்காய், இறால், கணவாய், அன்னாசி என்று அது நீளும். சாப்பிட்டால் கடிக்கும், புண் ஆறாது என்பார்கள். இன்னொரு பக்கம் பால் குடித்தால் வயிறு ஊதும், வயிற்றாலே போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது பாலிலுள்ள சீனியைச் செரிக்க முடியாத பிரச்சினை. தொல்லைதான், ஆனால் அது உயிரை எடுக்காது.

கடும் உணவு ஒவ்வாமை இந்த இரண்டுமல்ல. உடம்பைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புத் தொகுதி, ஓர் உணவிலுள்ள புரதத்தை எதிரி என்று தவறாகப் பதிந்துவைக்கிறது. அந்தப் புரதம் மறுபடி உள்ளே போனதும் ஹிஸ்டமின் போன்ற இரசாயனங்கள் ஒரேயடியாக வெளியேறுகின்றன. தோல் தடிக்கும், உதடும் நாக்கும் வீங்கும், வாந்தி வரும். அது அத்தோடு நிற்காமல் மூச்சுக்குழாயையும் இரத்த ஓட்டத்தையும் தாக்கினால் குரல் அடைக்கும், இழுப்பு வரும், இரத்த அழுத்தம் விழும், பிள்ளை மயங்கும். இதை வைத்தியர்கள் அனாபிலக்சிஸ் என்கிறார்கள். எல்லோருக்கும் தோல் தடிப்பு வரும் என்றும் இல்லை. தடிப்பே இல்லாமல் நேராக மூச்சுத் திணறலில் தொடங்குவதும் உண்டு.

இதற்கு ஒரு மணி அளவு போதும். கஜுவைப் பொரித்த நெய் பொங்கலில் ஊற்றப்பட்டால், கஜுவின் புரதம் நெய்யோடு பானை முழுக்கப் பரவிவிடும். கண்ணுக்குத் தெரியும் கஜுவைப் பொறுக்குவதால் அது போகாது. சமைத்த சூட்டிலும் அழியாது. அந்த ஆசிரியருக்குத் தெரியாமல் போனது இது ஒன்றுதான்.

எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்பதும் ஆளுக்காள் வேறுபடும். இந்தப் பையன் கச்சான் சாப்பிடுவான், கஜு ஆகாது. வேறொரு பிள்ளைக்குக் கச்சான் ஆகாமலிருக்கும். மேற்கு நாடுகளில் கச்சான் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். எங்கள் நாட்டு வைத்தியர்களின் ஆய்வுகளில் பசுப்பாலும் மாட்டிறைச்சியும் முக்கியமாக வருகின்றன. முட்டை, இறால், நண்டு, மீன், எள்ளு, சோயா ஆகியவற்றாலும் வரலாம். பாலும் முட்டையும் ஆகாத பிள்ளைகளில் பலருக்கு வளர வளர அது விலகிவிடும். கச்சான், கஜு, கடலுணவு ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும்.

ஆகவே ஊகத்தில் முடிவெடுக்கக் கூடாது. ஒரு தடவை கடித்தது என்பதற்காக முட்டை, மீன், பால் எல்லாவற்றையும் நிறுத்திப் பிள்ளையை மெலியவிட்ட வீடுகளும் உண்டு. சிறுபிள்ளை வைத்தியரிடம் காட்டினால் தேவையான பரிசோதனைக்கு அனுப்புவார். பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் ஒவ்வாமைக்கான பரிசோதனைகள் செய்யப்படுகின்றன. இந்த அம்மாவும் பிள்ளையோடு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்த்தான் கஜு என்பதை உறுதிசெய்துகொண்டு வந்தார்.

பசி தெரிந்தவர்களின் வீட்டில்

அந்த வீட்டில் நான் கண்ட பெரிய சண்டை பாடசாலையோடு அல்ல. அம்மம்மாவோடு.

அம்மம்மா மாத்தளனில் இருந்தவர். கஞ்சிக்கு வரிசையில் நின்று, வரிசையில் நின்றவர்கள் விழுவதையும் கண்டவர். “சாப்பாட்டை வேண்டாம் எண்டு சொல்லக் கூடாது பிள்ளை. நாங்கள் உப்புக் கஞ்சிக்கு அழுத சனம்” என்றார். பேரன் ஒரு லட்டைத் தட்டிவிட்டால் அவருக்கு அது கொழுப்பாகத்தான் தெரிகிறது. ஒரு துண்டு கொடுத்துப் பழக்கினால் உடம்பு பழகிவிடும் என்றும் நம்பியிருந்தார்.

அவரை என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. 2009இல் நான் மெனிக்பாமில் இருந்தேன். பருப்பும் சோறும் வாங்க வாளியோடு நின்ற அந்த மாதங்களில், ஒரு சாப்பாட்டை “எனக்கு இது ஆகாது” என்று சொல்லித் திருப்பிய ஒருவரையும் நான் காணவில்லை. அப்படி ஆகாத பிள்ளைகள் அங்கே இருந்திருப்பார்கள். அவர்களுக்கு என்ன நடந்தது, எந்தப் பெயரில் அது பதியப்பட்டது என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன்.

பசியிலிருந்து வந்த சமூகத்துக்குச் சாப்பாடு கொடுப்பதுதான் அன்பைக் காட்டும் முதல் வழி. யாருடைய பிள்ளையைக் கண்டாலும் கையில் ஒரு ரொபியாவது வைப்போம். நானும் அந்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கிக்கொண்டுதான் போனேன். ஒவ்வாமை பற்றி எழுதப் போகிற எனக்கே அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. பையன் பெட்டியை வாங்கிப் பிரிக்காமல் தாயிடம் நீட்டினான். “அம்மா, வாசிச்சுச் சொல்லுங்கோ” என்றான். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

பாடசாலையிலும் இதுதான் ஆபத்து. வேண்டுமென்று ஒருவரும் நஞ்சு கொடுப்பதில்லை. பிறந்தநாள் கேக், பக்கத்து மேசைப் பிள்ளை பாதி பிய்த்துக் கொடுக்கும் றோல்ஸ், கோயில் பிரசாதம், கடையில் வாங்கிய மிக்சர் எல்லாமே அன்பாகத்தான் வருகின்றன. பேக்கரிப் பணிஸில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதி ஒட்டியிருப்பதில்லை. சத்து மா என்று நாங்கள் நம்பிக் கொடுக்கும் திரிபோஷாவிலும் சோளத்தோடு சோயாவும் பால்மாவும் இருக்கின்றன. பாலோ சோயாவோ ஆகாத பிள்ளைக்கு அது சத்தல்ல.

அரை மணித்தியாலம்

பிரிட்டனில் அனாபிலக்சிஸால் இறந்தவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. உணவால் இறந்தவர்களில், சாப்பிட்ட நேரத்திலிருந்து மூச்சோ இதயமோ நின்ற நேரம் வரையான இடைவெளியின் நடுமதிப்பு 30 நிமிடம் என்று அது சொல்கிறது. பாதிப்பேருக்கு அதைவிடக் குறைவான நேரமே கிடைத்திருக்கிறது என்பது இதன் அர்த்தம். உங்கள் கிராமத்துப் பாடசாலையிலிருந்து வைத்தியர் இருக்கும் வைத்தியசாலைக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று ஒருமுறை கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நிலையை மாற்றக்கூடிய முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத் தசையில் ஏற்ற வேண்டும். வீக்கத்தைக் குறைத்து, மூச்சுக்குழாயைத் திறந்து, விழுந்த இரத்த அழுத்தத்தைத் தூக்கும். பிரிட்டன் போன்ற குளிசைகள் கடியையும் தடிப்பையும் குறைக்கும், ஆனால் அடைபட்ட மூச்சைத் திறக்காது. குளிசை கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம்தான் பிள்ளைக்கு இல்லாத நேரம்.

வெளிநாடுகளில் பேனை போன்ற ஒரு கருவியில் இந்த மருந்து அளவோடு அடைத்து வருகிறது. தொடையில் அழுத்தினால் போதும், தாதி தேவையில்லை. எங்கள் ஊர் மருந்தகங்களில் அது இலகுவாகக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி வேலை செய்யும் குடும்பத்துக்குக் கட்டாது, அத்தோடு திகதி முடிந்ததும் புதிதாக வாங்க வேண்டும். ஆனால் மருந்து அரிதானதல்ல. சாதாரணக் கண்ணாடிக் குப்பியில் வரும் அட்ரினலின் மலிவானது, உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. பேனை கிடைக்காத குடும்பங்களுக்கு, வைத்தியரே பிள்ளையின் நிறைக்கேற்ற அளவைத் தீர்மானித்து, குப்பியோ நிரப்பிய ஊசியோ கொடுத்துப் பழக்கும் முறையும் இருக்கிறது. அது வைத்தியர் மட்டும் செய்ய வேண்டிய முடிவு. கேட்டுப் பார்ப்பது பெற்றோரின் உரிமை.

இன்னொன்றையும் நாங்கள் மறந்துவிடுகிறோம். தரம் 6, 7 பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் குழு பாடசாலைக்கு வரும்போது, அவசரத் தட்டத்தில் அட்ரினலினும் வருகிறது. தடுப்பூசியால் அரிதாக வரும் அதே அனாபிலக்சிஸுக்காகத்தான் அதைக் கொண்டுவருகிறார்கள். ஆகவே பாடசாலைக்குள் அந்த மருந்து வருவது புதிதல்ல. குழு திரும்பும்போது அதுவும் திரும்பிப் போகிறது என்பதுதான் பிரச்சினை.

ஒன்டாரியோவில் ஒரு சிறுமி

ஸ்காபரோவில் உறவினர் இருக்கும் வீடுகளில் இது தெரிந்திருக்கும். அங்கே பிள்ளையின் பையோடு “கச்சான் கொண்டுவர வேண்டாம்” என்ற கடிதம் வரும். அதற்குப் பின்னால் ஒரு மரணம் இருக்கிறது. 2003இல் ஒன்டாரியோவில் சப்ரினா ஷானன் என்ற 13 வயதுச் சிறுமி, பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் வாங்கிய உருளைக்கிழங்குப் பொரியலில் தொற்றியிருந்த பாலுணவால் இறந்தார். அவருக்கு ஆஸ்துமாவும் இருந்ததால் முதலில் அது ஆஸ்துமா என்றே எண்ணப்பட்டது. அவரது ஊசி அவரது பெட்டகத்தில் இருந்தது. அதை எடுத்து வருவதற்குள் நேரம் போய்விட்டது.

அவரது பெயரில் வந்த சட்டம் 2006 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பாடசாலைச் சபைக்கும் அனாபிலக்சிஸ் கொள்கை இருக்க வேண்டும், ஒவ்வாமையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் இருக்க வேண்டும், பணியாளர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுக்க வேண்டும் என்பவை அதன் சாரம். இங்கிலாந்தில் 2017 ஒக்டோபரிலிருந்து பாடசாலைகள் தனிப்பட்ட மருந்துச் சீட்டு இல்லாமலே அவசரத்துக்கென்று அட்ரினலின் பேனையை வாங்கி வைக்கலாம்.

தடைகளைப் பற்றியும் ஒரு விடயம் சொல்ல வேண்டும். 2021இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து பாடசாலைகளுக்கென வெளியிட்ட வழிகாட்டி, ஓர் உணவைப் பாடசாலை முழுவதிலும் தடைசெய்வதைப் பரிந்துரைக்கவில்லை. தடையால் விபத்துகள் குறைந்தன என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை, தடை இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஆட்கள் கவனத்தை விட்டுவிடவும் கூடும் என்பதே காரணம். அதைவிடப் பணியாளர் பயிற்சி, பிள்ளைக்கான எழுத்துத் திட்டம், கைக்கெட்டும் தூரத்தில் அட்ரினலின் ஆகியவற்றையே அது முன்வைக்கிறது. எங்களுக்கு இது நல்ல செய்தி. பெரிய சட்டமும் பெரிய காசும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இங்கே என்ன செய்யலாம்

எங்கள் அரச பாடசாலைகளில் பொதுவாகத் தாதியர் இல்லை. ஆனால் செய்யக்கூடியவை இருக்கின்றன.

முதலாவது, ஒரு தாள். பிள்ளையின் படம், ஆகாத உணவு, அடையாளங்கள், உடனே செய்ய வேண்டியவை, தொலைபேசி இலக்கங்கள் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி வைத்தியரின் கையொப்பத்தோடு பாடசாலைக்குக் கொடுங்கள். வகுப்பாசிரியரிடம் வாயால் சொன்னது, அவர் இடமாற்றமாகிப் போனதும் அவரோடு போய்விடும். தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையிலும் இதைச் சொல்லுங்கள். தடுப்பூசிக்கு முன்னும் சொல்லுங்கள்.

இரண்டாவது, சமையல். ஆரம்பப் பிரிவில் மதிய உணவு சமைத்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் எங்கள் ஊர்த் தாய்மாரே. அவர்களோடு பத்து நிமிடம் இருந்து பேசினால் போதும். ஆகாத சாமானைப் போடுவதற்கு முன்னரே பிள்ளைக்கு எடுத்து மூடி வைப்பது, தனிக் கரண்டி, கழுவிய தட்டு. சாப்பிட்ட பின் எல்லாப் பிள்ளைகளும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். கொரோனாக் காலத்தில் பழகிய கைத்திரவமோ வெறும் தண்ணீரோ கச்சான் புரதத்தைக் கையிலிருந்து முழுமையாக நீக்குவதில்லை.

மூன்றாவது, விழாக்கள். பிள்ளையை வீட்டில் நிறுத்துவதைவிடப் பட்டியலை மாற்றுவது இலகு. விழாவுக்கு ஒரு கிழமை முன்னரே பெற்றோரிடம் என்ன கொடுக்கப்போகிறோம் என்று சொல்லிவிடலாம். எல்லோரும் சாப்பிடக்கூடிய ஒன்றையே எல்லோருக்கும் கொடுக்கலாம். பிள்ளையைத் தனி மேசையில் வைப்பதும், பெயர் சொல்லி “இவனுக்குக் குடுக்காதேங்கோ” என்று கத்துவதும் பாதுகாப்பல்ல. கஜுவைக் காட்டி வெருட்டும் விளையாட்டு அங்கிருந்துதான் தொடங்குகிறது. இந்தப் பையனுக்கும் அது நடந்திருக்கிறது.

நான்காவது, நடந்துவிட்டால். சந்தேகம் வந்தால் பிள்ளையை நடக்கவோ எழும்பி நிற்கவோ விடக் கூடாது. படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்செடுக்கக் கஷ்டமானால் இருக்க விடலாம், நிற்க விடக் கூடாது. அட்ரினலின் இருந்தால், வைத்தியர் எழுதிக் கொடுத்தபடி உடனே தொடையில். தேவையில்லாமல் ஒரு தடவை போட்டுவிட்டால் பிள்ளைக்குக் கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். தேவையான நேரத்தில் போடாமல் விட்டால் திரும்பி வராது. 1990க்கு அழையுங்கள். 2016இல் தெற்கில் தொடங்கிய இந்த இலவச நோயாளர் காவுவண்டிச் சேவை 2018 ஜூலையிலிருந்து வடக்கிலும் இருக்கிறது. அழைக்கும்போது “ஒவ்வாமை, மூச்சு எடுக்கக் கஷ்டம்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் குணமில்லை என்றால் இரண்டாவது ஊசி தேவைப்படலாம். குணமானாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். சில மணித்தியாலங்களின் பின் அதே அடையாளங்கள் மறுபடி வரலாம்.

“ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு?” என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிள்ளையின் தொடையில் ஊசி ஏற்றும் பொறுப்பை ஒரு ஆசிரியரின் தலையில் தனியாகச் சுமத்த முடியாது. அதற்கு மாகாணக் கல்வித் திணைக்களமும் சுகாதாரத் திணைக்களமும் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை தர வேண்டும். யார் பயிற்சி கொடுப்பது, மருந்து எங்கே இருக்கும், நல்லெண்ணத்தோடு செய்த ஆசிரியரை யார் காப்பது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். ஒரு நாள் பயிற்சிக்கு ஆகும் செலவு, ஒரு விருந்தினரை வரவேற்கும் மாலைச் செலவைவிடப் பெரிதாக இருக்காது.

நான் புறப்படும்போது அம்மா ஒரு கொப்பியைக் காட்டினார். விசேச நாட்களில் மகன் போகாத பாடசாலை நாட்களைத் திகதி போட்டு எழுதி வைத்திருந்தார். “பேந்து ஒரு நாளைக்கு ஆரும் கேட்டால் காட்டலாம் எண்டு” என்றார். காணாமல்போனவர்களுக்காகத் திகதி எழுதி வைக்கும் பழக்கம் எங்கள் பெண்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. பாடசாலை விழாவுக்கும் ஒரு கொப்பி தேவைப்படக் கூடாது.

அம்மம்மா படலை வரை வந்தார். வைத்தியர் சொன்ன பிறகு இப்போது பேரனுக்கு ஒன்றும் பழக்கிப் பார்ப்பதில்லையாம். கோயிலில் பிரசாதம் தந்தால் “இதில கஜு கிடக்கோ?” என்று ஐயரிடமே கேட்கிறாராம். “கேக்கிறதில என்ன வெக்கம்” என்றார்.

இந்த வருட வாணி விழாவுக்கு மகனை அனுப்பலாமா என்று அம்மா பாடசாலையில் கேட்டிருக்கிறார். “பாப்பம்” என்று சொல்லியிருக்கிறார்கள். பொங்கலில் கஜு போடாமல் விட்டால் சரஸ்வதி கோபிக்க மாட்டாள். மற்றப் பிள்ளைகளுக்கும் ஒன்றும் குறையாது.